சாட்சியும் பரீட்சையும்: கிழக்குக் கரையில் வைத்தியத் தகுதி சோதிக்கப்பட்ட வரலாறு குறித்துச் சில மறுப்புகள்

ஆயுர்வேதமும் யூனானியும் பட்டமும் பதிவும் கொண்ட வாண்மைத் தொழில்களாக மாறிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சார்ள்ஸ் லெஸ்லியிடமிருந்தே தொடங்குகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளரான லெஸ்லி, 1968இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலும் 1976இல் தாமே பதிப்பித்த ஆசிய வைத்திய முறைமைகள் பற்றிய தொகுதியிலும் இதுபற்றி எழுதினார். அவருடைய வாதம் சுருக்கமானது, வலிமையும் உடையது. பழைமையை மீட்கிறோம் என்று புறப்பட்டவர்கள் உண்மையில் புதுமையாளர்கள். கல்லூரி, பாடத்திட்டம், பரீட்சை, சங்கம், பதிவேடு என்று அவர்கள் கட்டியெழுப்பிய அனைத்துக்கும் முன்மாதிரி மேனாட்டு வைத்தியமே என்பது அதன் சாரம்.

இந்தியாவைப் பொறுத்தவரை இதில் பெரும்பகுதியை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழு 1923இல் தந்த அறிக்கை ஒன்றே லெஸ்லிக்குப் போதுமான சான்று. குழுவின் தலைவர் முகம்மது உஸ்மான். செயலாளர் கப்டன் ஜி. சீனிவாசமூர்த்தியோ மேனாட்டு வைத்தியம் கற்றவர். ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் விஞ்ஞானபூர்வமானவை என்று நிறுவ அந்தக் குழு எடுத்துக்கொண்ட பாடும், அதன் பயனாகச் சென்னையில் எழுந்த இந்திய வைத்தியப் பள்ளியின் அமைப்பும் லெஸ்லி சொன்ன பாதையிலேயே போயின.

லெஸ்லியின் வாசிப்பை அப்படியே தூக்கி இலங்கைக்கு, அதிலும் கல்முனை முதல் பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களுக்குப் பொருத்துவதையே நான் மறுக்கிறேன். அப்படிப் பொருத்தினால் கதை எளிதாகிவிடும். 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க வைத்தியக் கட்டளைச் சட்டம் மேனாட்டு வைத்தியத்துக்குப் பதிவேடு தந்தது. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி என்ற மூன்று பிரிவுகளுடன் கொழும்பில் திறக்கப்பட்டது. 1941இல் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டமும் 1961இல் ஆயுர்வேதச் சட்டமும் வந்தன. ஆகவே பரீட்சை என்ற எண்ணம் கொழும்பிலிருந்து கிழக்கே இறங்கியது, கரையோரத்துப் பரிகாரிமாரும் ஹகீம்களும் அதற்குத் தலைவணங்கினார்கள் என்று முடித்துவிடலாம்.

இந்த வரிசையில் எந்த ஆண்டும் பிழையில்லை. ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் லெஸ்லியின் மாதிரிக்குள் அடங்காத ஒன்று கண்ணில் படும். கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்களோடு, பரம்பரையாகக் கற்ற வைத்தியர்களுக்கும் அதில் இடமுண்டு. அவர்கள் எல்லோரும் ஒரே வகையினராகவும் பதியப்படுவதில்லை. சர்வாங்க வைத்தியர் என்று பொதுவாகப் பதிவு பெறுவோர் ஒருபுறம். முறிவு நெரிவு, விசகடி, கண் நோய், தீக்காயம், மனநோய் என்று ஒரேயொரு துறைக்கு மட்டும் பதிவு பெறுவோர் மறுபுறம். முறிவு வைத்தியராகப் பதிந்தவருக்கு எலும்பு கட்டத்தான் அனுமதி. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க இல்லை.

மேனாட்டு வைத்தியத்தைப் பார்த்து வரைந்த பதிவேட்டில் இது எப்படி வந்தது? இங்கிலாந்தின் 1858ஆம் ஆண்டு வைத்தியச் சட்டமும் அதன் வழிவந்த குடியேற்ற நாட்டுச் சட்டங்களும் நோக்கியது நேர்மாறான திசை. பலவகை உரிமங்களை ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து, பதிவு பெற்றவரை முழு வைத்தியராகக் கொள்வதே அவற்றின் நோக்கம். ஐரோப்பாவிலும் எலும்பு கட்டுவோர் போன்றோர் தனித்தனி உரிமம் பெற்ற காலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இலங்கை தன் சட்டங்களை வரைந்த வேளையில் அந்தக் காலம் அங்கே முடிந்துவிட்டது. கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவரிடம் அப்போது இல்லாத ஒன்றை எப்படிக் கடன் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு லெஸ்லியின் வாசிப்பில் விடை இல்லை.

விடையைத் தேடும்போது நான் மீண்டும் மீண்டும் போய் நின்றது ஒரு கடிதத்தில். லண்டன் அரச ஆசியச் சங்கத்தின் ஏடு, 1827ஆம் ஆண்டின் முதல் தொகுதி. அதில் சாமுவேல் லீ என்ற கீழைத்தேய மொழிப் பேராசிரியர் கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டொன்றைப் படித்து வெளியிட்டார். காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கல்லறைக் கல் அது. அதையடுத்து, இலங்கையின் முன்னாள் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் சங்கத்தின் செயலாளருக்கு எழுதிய கடிதம் அச்சாகியிருக்கிறது. இலங்கை முஸ்லிம்களின் வருகை, வணிகம், குடியேற்றம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்தை எடுத்தாள்கிறார்கள். வைத்தியத்தைப் பற்றிய பகுதியை மட்டும் குலப்பெருமைக்கான சான்றாகப் படித்துவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள்.

அந்தப் பகுதி சொல்வது இது. 1806இல் ஜோன்ஸ்டன், மீரா லெப்பை மேஸ்திரியார் என்பவரை வைத்தியத் திணைக்களத்தின் சுதேச மேற்பார்வையாளராக, உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தின் கீழ் நியமித்தார். மேஸ்திரியாரை நாட்டு மக்கள் தீவின் மிகத் தேர்ந்த வைத்தியர்களில் ஒருவராக மதித்தார்கள். அவரிடம் சுதேச வைத்திய நூல்களின் சிறந்த தொகுப்பொன்று இருந்தது. அவற்றுட் பல அவர் குடும்பத்தில் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக இருந்துவந்தவை. அத்தனை காலமும் குடும்பத்தில் ஒருவராவது வைத்தியத் தொழிலில் இருந்தார். இலங்கையில் முஸ்லிம் வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகள் அனைத்தையும் பற்றி அவர் ஜோன்ஸ்டனுக்கு விரிவான அறிக்கையொன்றும் எழுதிக் கொடுத்தார்.

எழுநூறு ஆண்டு என்பதை அப்படியே நம்பத் தேவையில்லை. குடும்ப மரபு தன் வயதைத் தானே கூட்டிச் சொல்லும். 1806 என்ற ஆண்டும் உறுத்துகிறது. ஜோன்ஸ்டன் நிரந்தரப் பிரதம நீதியரசரானது 1811இல். அதற்கு ஐந்தாண்டு முன்னர் எந்த அதிகாரத்தில் இந்த நியமனத்தைச் செய்தார் என்பதைக் கடிதம் விளக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் இருந்துகொண்டு எழுதியதாகையால் ஆண்டு நினைவுப் பிசகாகவும் இருக்கலாம், நியமனம் தற்காலிகப் பதவியொன்றின் பெயரால் நடந்ததாகவும் இருக்கலாம். இதை நான் தீர்க்க முற்படவில்லை. 1801இல் நிறுவப்பட்ட உயர் நீதிமன்றத்துக்கும் ஜோன்ஸ்டன் நாடு திரும்பிய காலத்துக்கும் இடையில் இது நடந்தது என்ற அளவே என் வாதத்துக்குப் போதும்.

ஏனென்றால் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, அரசு ஒரு சுதேச வைத்தியரின் தகுதியை எடைபோட்டுப் பதவி தந்திருக்கிறது. என்னென்ன பார்த்தது? ஊர் மக்களின் மதிப்பு ஒன்று. குடும்பத்தின் நூல்களும் இடையறாத தொழிலும் இரண்டு. எழுதிக் கொடுத்த அறிக்கை மூன்று. பட்டமும் இல்லை, பரீட்சை மண்டபமும் இல்லை. ஆயினும் சோதனை இருந்தது. மூலிகை அறிக்கை நியமனத்துக்கு முன் கொடுக்கப்பட்டதா, பின் கொடுக்கப்பட்டதா என்பதைக் கடிதத்தின் வாக்கிய அமைப்பிலிருந்து துணிய முடியாது. முன் கொடுக்கப்பட்டதென்றால் அது தகுதிகாண் தேர்வுக்கு நிகர். பின் என்றாலும், பதவியிலிருப்பவர் தம் அறிவை எழுத்தில் நிறுவிக் காட்ட வேண்டியிருந்தது என்றாகும்.

இன்னும் ஒரு படி மேலே போகத் துணிகிறேன். சான்று மெலிந்த இடம் இது. அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். மேற்பார்வையாளர் என்றொரு பதவி இருந்தால், மேற்பார்க்கப்பட்டவர்களும் இருந்திருக்க வேண்டும். அந்தப் பதவி நீதிமன்றத்தின் கீழ் இருந்ததென்றால், நஞ்சூட்டல், காயம், ஐயத்துக்குரிய மரணம் போன்ற வழக்குகளில் எந்த வைத்தியரின் சொல்லை ஏற்பது என்று நீதிபதிக்குச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம். அப்படியானால் மேஸ்திரியார் சோதிக்கப்பட்டவர் மட்டுமல்லர், மற்றவர்களைச் சோதித்தவரும் ஆவார். லெஸ்லியின் பக்கம் நிற்பவர் இங்கே குறுக்கிட்டு, ஜோன்ஸ்டன் ஐரோப்பியச் சட்ட அறிஞர்தானே, பதவியின் வடிவம் ஐரோப்பியமானதுதானே என்று கேட்கலாம். பதவியின் வடிவம் ஐரோப்பியமானது, ஒப்புகிறேன். அதற்குள் வைத்து எடைபோட்ட மூன்று சான்றுகளும் ஐரோப்பியமானவை அல்ல. ஜோன்ஸ்டன் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் ஏற்கெனவே செல்லுபடியாகிக்கொண்டிருந்தவற்றை அவர் எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரியார் மேற்குக் கரையோடு தொடர்புடையவராகவே தெரிகிறார். கல்முனையைப் பற்றிய சொல் கடிதத்தின் இந்தப் பகுதியில் இல்லை. இதனைக் கிழக்குக் கரைக்கான நேர்ச்சான்றாக நான் காட்டவில்லை. முஸ்லிம் வைத்திய மரபில் தகுதியைச் சோதித்தல் என்ற எண்ணம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதற்கே காட்டுகிறேன்.

அந்த எண்ணம் இன்னும் பழையது. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் வைத்தியர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்த செய்தி கலீபா அல்-முக்ததிருக்கு எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித் சோதித்துத் தகுதி வழங்காத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று கலீபா ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் சோதனைக்கு வந்ததாக அரபு வைத்திய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்நூல்களில் வரும் நிகழ்ச்சியொன்று எனக்கு முக்கியமானது. நல்ல உடையும் கண்ணியமான தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் இந்தத் தொழிலில்தான் பிழைக்கிறது என்றும் சொல்லி, பிழைப்பைப் பறித்துவிட வேண்டாமென்று வேண்டினார். ஸினான் அவரைத் துரத்தவில்லை. தெரியாத நோயில் கைவைக்கக் கூடாது, எளிய நோய்களில் அன்றி இரத்தம் எடுக்கவோ பேதி கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். மறுநாள் இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று ஸினான் கேட்க, தந்தையிடம் என்றார். முதல்நாள் வந்த முதியவரே அந்தத் தந்தை. அதே நிபந்தனையோடு அவருக்கும் அனுமதி கிடைத்தது.

எல்லை வகுத்த அனுமதி. தந்தையிடம் கற்றதை ஏற்றுக்கொள்ளும் சோதனை. தெரிந்ததைச் செய், தெரியாததைத் தொடாதே என்ற ஒரே விதி. 1961க்குப் பிந்திய இலங்கைப் பதிவேட்டில் முறிவு வைத்தியருக்கும் விசகடி வைத்தியருக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்தாதிலிருந்து கல்முனைக்கு நேர்கோடு கீறும் துணிச்சல் எனக்கு இல்லை. இடையில் ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. விசகடி வைத்தியத்திலும் முறிவு வைத்தியத்திலும் சிங்களப் பரம்பரைகளும் தமிழ்ப் பரம்பரைகளும் முஸ்லிம் பரம்பரைகளுக்குக் குறைந்தவை அல்ல. துறைவாரியாகப் பிரிக்கும் வழக்கம் அவர்களிடமிருந்தே சட்டத்துக்குள் நுழைந்திருக்கலாம். யாரிடமிருந்து வந்தாலும் அது மேனாட்டுக் கல்லூரியிலிருந்து வந்ததில்லை என்பதே நான் நிறுவ முயல்வது.

காலித் இப்னு அபூ பகாயாவின் கல்லறைக் கல்லின் ஆண்டை ஹிஜ்ரி 317 என்றும் 337 என்றும் இருவிதமாகப் படித்திருக்கிறார்கள். ஒன்று பக்தாத் ஆணைக்கு இரண்டாண்டு முந்தியது, மற்றது பதினெட்டாண்டு பிந்தியது. எந்தப் பாடத்தை எடுத்தாலும், அப்பாசியக் கலீபாக்கள் வைத்தியர்களைச் சோதிக்கத் தொடங்கிய அதே தலைமுறையில் கொழும்பில் அரபு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் ஜோன்ஸ்டனின் வைத்தியப் பத்தி அந்தக் கல்லையொட்டி எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைப் படிப்பதும் சரியன்று.

இனிக் கிழக்கே வருவோம். இங்கு ஆவணம் தேடுகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது மாவட்டப் பெயரில். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டதும் 1961இல்தான், ஆயுர்வேதச் சட்டம் வந்த அதே ஆண்டில். அதற்கு முந்திய எந்தப் பதிவிலும் கல்முனையின் வைத்தியர் மட்டக்களப்பு மாவட்டத்தவராகவே இருப்பார். அதற்குள்ளும் கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று பற்றுவாரியாகத் தேட வேண்டும். அம்பாறை என்று தேடிவிட்டு, பழைய பதிவுகளில் முஸ்லிம் வைத்தியர் எவருமில்லை என்று முடிவுக்கு வருவது எளிது. அந்த முடிவு தவறு.

இரண்டாவது இடர், பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, பரம்பரையாக நாவிதமும் சுன்னத்தும் செய்யும் ஒஸ்தாமார் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கத்தி பிடித்து, இரத்தம் நிறுத்தி, புண் ஆற்றிய இந்தக் கைகளை எந்தச் சட்டமும் வைத்தியர் என்று கருதவில்லை. எந்தச் சபையும் பரீட்சிக்கவில்லை. அவர்களுக்கு ஊரின் சாட்சி ஒன்றே சான்று. ஒரு பிள்ளைக்குப் பிழைத்துப்போனால் அடுத்த வீடு அழைக்காது. பேறு பார்த்த மருத்துவிச்சிமாரின் கதை இன்னொரு விதம். அரசாங்கம் பயிற்றுவித்துப் பதிவு செய்த மருத்துவமாதுகள் ஊருக்குள் வந்ததும் பரம்பரை மருத்துவிச்சி கொஞ்சங் கொஞ்சமாக ஒதுங்கினார். மேனாட்டுப் பதிவேடு பழைய தொழிலை முழுதாக விழுங்கியது இந்த ஒரு துறையில்தான். இங்கே லெஸ்லியின் பாதை செல்லும்.

முறிவு வைத்தியத்தில் அப்படி நடக்கவில்லை. கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ பரம்பரை முறிவு வைத்தியர் ஒருவரின் விறாந்தையில் காத்திருப்பவர்களைப் பாருங்கள். மூங்கில் பட்டைகள், துணிச்சுருள், எண்ணெய்ப் போத்தல், மருந்துப் பத்து. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆயுர்வேத வைத்திய சபையின் பதிவுச் சான்றிதழ். சிலர் வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்திருப்பார்கள். சுவரிலுள்ள சான்றிதழை வாசித்துவிட்டு அவர்கள் இங்கு வருவதில்லை. மாமாவின் கை கூடியது, மச்சானின் கால் கூடியது என்று கேட்டு வருகிறார்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும் பரம்பரை வைத்தியரும் தம்மைக் கற்பித்தவரின் உறுதிமொழியோடும், ஊரில் தொழில் செய்ததற்கான சாட்சியத்தோடுந்தான் சபையின் முன் போகிறார். அதற்குப் பின்னரே சபை அவரைக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறது. சாட்சி முந்துகிறது, பரீட்சை பிந்துகிறது. மீரா லெப்பை மேஸ்திரியாரிடம் ஜோன்ஸ்டன் பார்த்த மூன்றும் ஏறத்தாழ அதே வரிசையில் இங்கே இருக்கின்றன.

1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் வரைவிலக்கணப் பிரிவும் கவனிக்கத்தக்கது. ஆயுர்வேதம் என்பதற்குள் சித்தமும் யூனானியும் தேசிய சிகிச்சையும் அடங்கும் என்று அது விரிக்கிறது. யூனானி தன் பெயரை இழந்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இந்த ஒரு பிரிவால்தான் கிழக்குக் கரை முஸ்லிம் வைத்தியர், கொழும்புக் கல்லூரியின் யூனானிப் பிரிவுக்குள் போகாமலே பதிவேட்டுக்குள் நுழைய முடிந்தது. நிந்தவூரில் இன்று ஆயுர்வேத வைத்தியசாலை என்ற பெயரில் இயங்குவதும் இந்த விரிந்த குடைக்குக் கீழேயே.

இந்தப் பழைய விவகாரத்தை இப்போது எழுதக் காரணம் உண்டு. தகுதிச் சோதனை வைத்தியரை விட்டு வைத்தியசாலைக்கு மாறி வெகுகாலமாகிறது. அமெரிக்க அறுவை வைத்தியர் கல்லூரி 1918இல் நூறு கட்டிலுக்கு மேற்பட்ட 692 வைத்தியசாலைகளைச் சோதித்தபோது, குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே; பெயர்கள் வெளியே போய்விடாதபடி பட்டியலை எரித்தார்கள். அங்கிருந்து வளர்ந்த அங்கீகார முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. இந்தியாவில் 2005 முதல் வைத்தியசாலைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் இயங்குகிறது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அங்கீகாரச் சபை வைத்திய ஆய்வுகூடங்களுக்குத் தராதரம் வழங்குகிறது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. வைத்தியசாலையின் தரத்தை மதிப்பிடுகிறவருக்கும் இப்போது தனியே சான்றிதழ்ப் பரீட்சைகள் உண்டு. சுகாதாரத் தர வாண்மையாளர் என்ற அமெரிக்கச் சான்றிதழுக்கு வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர்களும் கணினி முன் அமர்ந்து தெரிவு வினாக்களுக்கு விடை எழுதுகிறார்கள்.

அந்தப் பரீட்சைகளை நான் குறைத்து மதிக்கவில்லை. தொற்றுக் கட்டுப்பாடும் மருந்துப் பிழைக் கணக்கும் தெரியாதவர் வைத்தியசாலையை மதிப்பிடக்கூடாது. என் குறை வேறு: ஜோன்ஸ்டனும் நம் ஆயுர்வேத சபையும் கேட்ட முதற் கேள்வி, இவரைப் பற்றி இவர் கையில் சுகப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்ற கேள்வி, அந்த வினாத்தாளில் இல்லை. இருபத்தைந்து நிர்வாக மாவட்டங்கள் கொண்ட நாட்டில் இருபத்தாறாவது சுகாதாரப் பிராந்தியமாகக் கல்முனைக்குத் தனிப் பணிமனை இருக்கிறது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரில் இருக்கின்றன. இங்கு வைத்தியசாலைத் தரத்தை மதிப்பிட வருபவர் தமிழில் நோயாளியோடு பேசி, அவர் சொல்வதைச் சான்றாக எழுதும் திறனுக்கும் புள்ளி பெற வேண்டும். தேசிய அளவில் மதிப்பீட்டாளர்களுக்குப் பரீட்சை அமைக்கும்போது இதைச் சேர்ப்பது சுகாதார அமைச்சின் பொறுப்பு.

ஆய்வாளரின் பொறுப்பு வேறொன்று. 1941க்கும் 1961க்கும் இடைப்பட்ட பதிவுச் சான்றிதழ்கள், ஆசிரியர் உறுதிமொழிக் கடிதங்கள், அரபுத் தமிழிலும் தமிழிலும் எழுதிய வைத்தியக் கையேடுகள் இன்னும் இந்த ஊர்களின் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இந்தக் கரையில் வீடுகளோடு கடதாசிகளையும் கொண்டுபோயிற்று. மிஞ்சியவற்றை வைத்திருக்கும் குடும்பத்தார், மூலத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, படியொன்றை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலக நிறுவனத்துக்கோ கொடுத்துதவ வேண்டும். நான் இங்கே சொன்னவற்றுள் எது நிற்கும், எது விழும் என்பதை அந்தக் கடதாசிகளே சொல்லும்.